நூற்றுப் பன்னிரண்டு டிகிரி

மணி மூன்று. இன்னும் ஒரே ஒரு மணி நேரம், அதோடு திருமூர்த்தி ஒழிந்தான். கோகிலவாணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, காலையிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தைத்தான் மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஓவன், கண்ணாடி ஜன்னல் வைத்த இரும்புப் பெட்டி. உள்ளே நூறு டிகிரி, காற்றாடியை நிறுத்திவிட்டதால் அசையாத காற்று. ஓடி வந்த காரை வெயிலில் நிறுத்தியதும் பானெட்டுக்கு அடியில் என்ன புழுக்கம் கட்டுமோ அந்தப் புழுக்கம். அதற்குள் தீப்பெட்டி அளவில் இரண்டு கறுப்புத் துண்டுகள், இரண்டு இக்னிஷன் மாட்யூல்கள், ஒன்று அவள் வடிவமைத்தது, இன்னொன்று அவனுடையது. காயிலுக்குப் போகிற மின்சாரத்தைத் திறந்து, சட்டென்று மூடி, மூடும்போதெல்லாம் ஒரு பொறியை வரவழைப்பது அவற்றின் வேலை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் திறந்து மூடுகிற உழைப்பில் உள்ளேயிருக்கிற டிரான்சிஸ்டர் சுடும். அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதில்தான் இந்தக் குறிச்சித் தொழிற்பேட்டைக் கம்பெனியில் அவளுக்கும் திருமூர்த்திக்கும் பதினோரு வருடமாகச் சண்டை. இன்று தீர்ந்துவிடும். நூற்றைம்பதைத் தாண்டினால் தோல்வி. பொறி மூன்று முறை தட்டிப்போனால் செத்ததாகக் கணக்கு. இரண்டும் நாலு மணி வரை பிழைத்திருந்தால் சூடு குறைந்தது ஜெயித்தது, அதற்குத்தான் அச்சு வெட்டுவோம் என்று எம்.டி. கஸ்தூரிசாமி சொல்லிவிட்டார். தோற்றவர் ரிட்டர்ன் செக்‌ஷனுக்குப் போக வேண்டும். ஊர் ஊராகச் செத்துத் திரும்பி வருகிற மாட்யூல்களை அறுத்து ஏன் செத்தது என்று எழுதுகிற வேலை. திரையில் இரண்டு கோடுகள் போய்க்கொண்டிருந்தன. சிவப்பு அவனுடையது, நூற்று முப்பத்தெட்டு. நீலம் அவளுடையது, நூற்றுப் பன்னிரண்டு.

நூற்றுப் பன்னிரண்டு. அவள் எதிர்பார்த்ததே நூற்றிருபதுதான், எட்டு டிகிரி கூடுதல் லாபம். மேஜைமேல், பொறி தெரிவதற்காக வைத்த கண்ணாடிக் கூண்டுக்குள், ஆளுக்கொன்றான இரண்டு இடைவெளிகளிலும் நீலப் பொறி படபடவென்று தாவிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் தன்னுடையது எது அவனுடையது எது என்று அவளால் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்ல முடியும். அவனுடையது கொஞ்சம் கனத்த சத்தம், ஆளைப் போலவே. அவன் மாட்யூல், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிப்யூட்டரின் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு உட்காரும், இரண்டு திருகு, அடியில் சூடு கடத்துகிற வெள்ளைப் பசை ஒரு பூச்சு, முடிந்தது வேலை. ஒயர் மிச்சம், இடம் மிச்சம் என்பான். டிஸ்ட்ரிப்யூட்டரோ இஞ்சின்மேல் நட்டு வைத்திருப்பது, இஞ்சின் கொதிக்கும்போது அந்தப் பசை வழியாகச் சூடு இறங்குமா ஏறுமா, இதைக் கேட்க ஒரு இஞ்சினியர் வேண்டுமா? போதாததற்கு ஊரிலிருக்கிற மெக்கானிக்கில் பாதிப்பேர் கழற்றி மாட்டும்போது அந்தப் பசையை அழுக்கு என்று துணியால் பளபளவென்று துடைத்துவிடுகிறார்கள், மீதிப்பேர் துடைத்துவிட்டு வீல் கிரீஸைத் தடவுகிறார்கள். இதற்கெல்லாம் அவனிடம் சிரிப்புதான் உண்டு. அவளுடையது இஞ்சினைத் தொடாது. ஒரு முழம் தள்ளி, பேட்டரிக்குப் பக்கத்துச் சுவரில், சூட்டைக் காற்றில் விடுவதற்காக ஏழு பட்டை நிமிர்த்தி வைத்த அலுமினியத் தகட்டின்மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். அவனுடையது காயிலுக்கு மின்சாரத்தைச் சீக்கிரமே திறந்துவிட்டு, போதுமான அளவு வந்ததும் குழாயைப் பாதி மூடிப் பிடித்துக்கொண்டு நிற்கும், பிடித்து நிற்கிற நேரமெல்லாம் வெறும் சூடு. அவளுடையது இஞ்சின் வேகத்தைப் பார்த்து, தேவையான நேரத்துக்குத்தான் திறக்கும். முதல்முறை அந்தத் தகட்டை மீட்டிங்கில் எடுத்து வைத்தபோது அவன் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேடம் இதுல வடகமே காயப் போடலாமுங்க" என்றான். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர் ஒவ்வொருவரும் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதுகூட இன்றைக்கும் அவளுக்குத் தெரியும். சிரிப்பு அடங்கியபிறகு அவன் இன்னொன்றும் சொன்னான், பட்டைக்குப் பட்டை நெருக்கமா இருக்குதுங்க, காத்து அசையலீன்னா சூடு உள்ளயே நின்னுக்கும், ரெண்டு பட்டையை எடுத்துருங்க என்று. அது சரியாக இருக்கலாம் என்று அன்று ராத்திரியே அவளுக்குத் தோன்றியது. தோன்றினால் என்ன, சொன்னது அவன். ஏழு பட்டை ஏழாகவே இருந்தது. இப்போது எதற்கு இந்தப் பட்டை ஞாபகம்? நூற்றுப் பன்னிரண்டு, திரையில் இருக்கிறது, பட்டை வேலை செய்கிறது, அவன் சொன்னது பொய். கழுத்துக்குக் கீழே திடீரென்று தீ பற்றி, காதுவரை ஏறியது. நாற்பத்தெட்டு வயதில் இது ஒரு தொல்லை, ஏ.சி. இருபத்திரண்டில் இருந்தாலும் நாளுக்கு ஏழெட்டு முறை உடம்பு தானாகக் கொதிக்கிறது, கொட்டுவதற்கு இடமில்லை. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, திருமூர்த்தி பார்த்தானா என்று திரும்பினாள்.

அவன் பார்க்கவில்லை. அறையின் மறுகோடியில் முழங்கையை ஊன்றி, போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான். தோற்கப் போகிறவன் இப்படியா உட்காருவான்? மதியத்திலிருந்து ஒருமுறைகூடத் திரையைப் பார்க்க எழுந்து வரவில்லை. காலையில் சோதனைக்குத் தயார் செய்யும்போது சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். என்ன சொன்னான்? அவன் சொல்வதையெல்லாம் காதில் வாங்காமல் விடுவதற்கு இத்தனை வருடத்தில் பழகிவிட்டதால் அதுவும் உள்ளே போகவில்லை, ஆனால் காலில் குத்திய முள் முனை மாதிரி எங்கோ இருக்கிறது. இருக்கட்டும். இவனைப் பிடிக்காமல் போனது எந்த நாளில் என்று யாராவது கேட்டால் அவள் தேதி சொல்லுவாள். நாலு வருடம் முந்தைய சித்திரை, பகல் ஒன்றரை மணி. கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு, புதுச் சரக்கை முதலில் ஊழியர்களின் கார்களில்தான் மாட்டிப் பார்ப்பார்கள். அப்படி அவளுடைய பழைய பெட்ரோல் காரில் அவன் மாட்யூலை மாட்டினார்கள். சூலூர்ப் பக்கம் ஒரு ரயில்வே கேட். கேட் போட்டிருந்தது, இஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றாள், பின் சீட்டில் மகள் சிந்துஜா, ஒன்பது வயது, கையில் வெள்ளரிப்பிஞ்சு. ஓடும்போதாவது காற்று அடிக்கும், அணைத்து நிறுத்தினால் இஞ்சின் சூடெல்லாம் டிஸ்ட்ரிப்யூட்டருக்குத்தான் ஏறும், இது இப்போது தெரிகிறது, அப்போதும் தெரியும், ஆனால் கேட் திறந்ததும் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. கிளம்பி, முன் சக்கரம் தண்டவாளத்தில் ஏறி, நடுவில் செத்தது. சாவியைத் திருப்பினால் கர் கர் என்று இருமுகிறது, பொறி இல்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன், கேட்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார், அந்தப் பக்கம் இன்னொரு ரயில் வருகிறதென்று கத்துகிறார், சிந்துஜாவின் பக்கத்துக் கதவு குழந்தைப் பூட்டு போட்டது, உள்ளிருந்து திறக்காது. நாலைந்து பேர் தள்ளினார்கள். தள்ளி ஓரமாக நிறுத்திய பிறகு ரயில் போக மூன்று நிமிடம் ஆனது, சாவு வரவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. அரைமணி கழித்துச் சாவியைத் திருப்பினாள், ஒன்றும் நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆனது. சூட்டில் சாகிற மாட்யூலின் குணமே அதுதான், ஆறியதும் உயிர் வந்துவிடும், எந்த மெக்கானிக்காலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் கம்பெனியில் சொன்னபோது திருமூர்த்தி கேட்ட கேள்வி: "பயத்துல கிளட்சை விட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க மேடம்?" சிந்துஜாவுக்கு இப்போது பதின்மூன்று. இன்றைக்கும் எந்த ரயில்வே கேட் வந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள், ரயில் பாதை தாண்டியபிறகுதான் விடுவாள். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் கோகிலவாணி ஏழு பட்டையையும் வரைந்தாள்.

சிவப்பு நூற்று நாற்பது. ஏறு, நன்றாக ஏறு. அவள் கட்டை விரலை முகர்ந்தாள். எதற்கு முகர்ந்தோம் என்று தெரியாமல் இன்னொரு முறை முகர்ந்தாள். நகக்கண்ணில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சந்தனம். நாலு நாளைக்கு முன்னால் ஆயுத பூஜை, சோதனை அறைக்கு ஒவ்வொரு வருடமும் அவள்தான் பூஜை போடுவாள், அரைத்த சந்தனத்தைக் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு. ஓவனுக்கு, அலைக்காட்டிக்கு, சாலிடரிங் குச்சிக்கு, துளை போடுகிற மிஷினுக்கு, பழைய கம்ப்யூட்டருக்குக்கூட. சோதனைக்குத் தயாராகத் தட்டில் இரண்டு மாட்யூலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தன்னுடையதன் உலோக முதுகில் நட்டநடுவே, கெட்டியாக, பெற்ற பிள்ளைக்கு வைப்பது போல ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். கை அடுத்ததற்குப் போனது, போய் நின்றது, திரும்பி வந்தது. அவனுடையதைத் தாண்டி அடுத்தாற்போல் கிடந்த ஸ்க்ரூ டிரைவருக்கு வைத்தாள். பத்துப் பைசா ஸ்க்ரூ டிரைவருக்கு உண்டு, திருமூர்த்தியின் மாட்யூலுக்கு இல்லை. அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், பார்க்கட்டும் என்றுதான் செய்தாள். பொரி கடலை வாங்கிக்கொள்ள எல்லாரும் கை நீட்டியபோது அவன் நீட்டவில்லை, அது இரட்டிப்பு சந்தோஷம். சின்னத்தனம்தான். இருக்கட்டும், பெரியதனமாக நடந்துகொண்டு பதினோரு வருடத்தில் என்ன கண்டாள்? ஆனால் சந்தனம் நாலு நாளாகவா நகத்தில் இருக்கும்? தினமும் குளிக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள். இது இன்று காலை ஒட்டியது. இன்று காலை எங்கே சந்தனம்? இதற்குப் பதில் வருவதற்குள் கூண்டுக்குள் ஏதோ இடறியது. தாளத்தில் ஒரு தட்டு இல்லை. ஒரே ஒரு தட்டு, இமைப்பதற்குள் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. மெல்லிய சத்தம் எது, கனத்த சத்தம் எது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தட்டிப்போனது அவளுடையது. மணி மூன்று இருபத்து நாலு.

மறுகோடியில் திருமூர்த்தி போனிலிருந்து தலையைத் தூக்கினான், கூண்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்து உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, மறுபடி போனுக்குக் குனிந்தான். நூற்றுப் பன்னிரண்டில் அவளுடையது தட்டிப்போகாது. போகவே போகாது, எத்தனை மாட்யூலை வறுத்துப் பார்த்திருக்கிறாள், அந்த டிரான்சிஸ்டர் நூற்று நாற்பதை நெருங்கினால்தான் நழுவத் தொடங்கும். அப்படியென்றால் ஒயர் லூஸா? காயிலா? கூண்டில் ஈரமா? மனது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது, கை ஒவ்வொன்றாகத் தள்ளியது, கட்டை விரல் மட்டும் மறுபடி மூக்குக்குப் போனது. சூடு அளக்கிற கம்பியின் முனையை அவரவர் மாட்யூலில் அவரவரே ஒட்ட வேண்டும், மற்றவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எம்.டி. வைத்த விதி, இரண்டு பேரையும் அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். ஒட்ட வேண்டிய இடம் உலோக முதுகின் நட்டநடு. நட்டநடுவில் இருந்தது பொட்டு. காலை ஒன்பதரைக்கு அதைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள், துடைக்கத் துணியும் எடுத்தாள், பூஜைப் பொட்டைக் கையால் துடைக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்று ஏதோ ஒன்று கையைப் பிடித்தது, அதுவும் சோதனை நாளில், அதுவும் ஜெயிக்க வேண்டிய நாளில். இத்தனூண்டு சந்தனம் என்ன செய்துவிடப் போகிறது என்று குங்குமத்தின்மேலேயே கம்பி முனையை வைத்து, டேப்பை இழுத்து, கட்டை விரலால் அழுத்தினாள். அழுத்தியபோது காதுக்குப் பக்கத்தில் அவன் சொன்னான். இப்போது அது எழுத்து எழுத்தாகக் கேட்டது: "சந்தன வாசம் இன்னும் போகலீங்களாட்ட மேடம்."

இருபத்தாறு வருடமாகச் சூட்டை அளந்து பிழைக்கிறவள். காய்ந்த சந்தனம் சூடு கடத்தாது என்று தெரியாதவளா? கம்பியின் முனை மாட்யூலைத் தொடவே இல்லை, பொட்டின் மேலே உட்கார்ந்துகொண்டு, கீழேயிருந்து கசிகிற சூட்டுக்கும் ஓவன் காற்றின் நூறு டிகிரிக்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு என்பது மாட்யூலின் சூடு அல்ல, பொட்டின் சூடு. அடியில் உண்மையில் எவ்வளவு? நூற்று முப்பது? நாற்பது? அவனுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தால் அவன் கம்பியும் பொய் சொல்லியிருக்கும், வைக்காததால் அது உண்மை சொல்கிறது. சிவப்பு, நூற்று நாற்பத்தொன்று, ஒவ்வொரு டிகிரியும் உண்மை. அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் பல்லைக் கடித்தது தாடையில் வலித்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன? முப்பது நிமிடம். கம்பி கழற்றும்போது பொட்டும் டேப்போடு வந்துவிடும், துணியால் ஒரு இழுப்பு, எவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா? தெரிந்துமா காலையில் கையெழுத்துப் போட்டான்? அவள் எழுந்து நடந்து அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"திருமூர்த்தி, காலைல நீங்க பாத்தீங்களா?"

"எதைங்க மேடம்?" தலையைத் தூக்கவில்லை.

"பொட்டை."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "பாக்காம எப்படிங்க. பக்கத்துல நிக்கச் சொல்லித்தான எம்.டி. நிக்க வெச்சாரு. பாத்தனுங்க."

"பாத்துட்டு எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க?"

"நான் எதுக்குச் சொல்லோணும்? பட்டை நெருக்கம்னு சொன்னனே, கேட்டீங்களா? நான் சொன்னன்ங்கிற ஒரே காரணத்துக்காகத்தான எடுக்கலை?" குரல் உயரவே இல்லை. இந்த ஊரில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் மரியாதை குறையாமல்தான் அறுப்பார்கள். "அது நாலு மணிக்குள்ள செத்துருமுங்க மேடம். ஒரு தட்டு விட்டாச்சு. செத்துப்போனா ரிப்போர்ட்டுல என்ன எழுதுவாங்க? நூத்துப் பன்னெண்டுலயே செத்த மாட்யூலுன்னு எழுதுவாங்க. சூட்டுல செத்தா டிசைனைத் திருத்தலாம்னு ஒரு வாய்ப்புக் குடுப்பாங்க. பச்சைத் தண்ணியில செத்தா? அதுக்கப்பறம் உங்க பேரைச் சொல்லி ஒருத்தன் ஒரு ஸ்க்ரூ வாங்க மாட்டான். அதுக்குத்தானுங்க சும்மா உக்காந்திருக்கறன்."

"சாகாம இருந்துட்டா?"

"இருந்துட்டா உங்க அதிர்ஷ்டம். பொய்யைக் காட்டி ஜெயிச்சுக்குங்க."

இவனை அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, வெறும் பேச்சுக்கல்ல, மேஜைமேல் கிடந்த ஸ்பானரை எடுத்து அந்த உதட்டின்மேல். எடுக்கவில்லை. திரும்பி வந்து ஓவன் முன்னால் நின்றாள். மூன்று முப்பத்தெட்டு. இருபத்திரண்டு நிமிடம். செத்தால் அவன் சொன்னபடி ஆகும். சாகாவிட்டால் ஜெயித்தாள், அச்சு வெட்டுவார்கள், ஏழு பட்டைத் தகடு ஆயிரக்கணக்கில் போகும், திருமூர்த்தி ரிட்டர்ன் செக்‌ஷனில் உட்கார்ந்து சாமான்களை அறுப்பான், அவன் வாய் திறந்தாலும் யார் நம்புவார், காலையில் போட்ட கையெழுத்து இருக்கிறதே. மனம் அந்தப் பக்கமாகவே ஓடியது, ஓடி ஓடி அச்சு, பெட்டி, லாரி, கடை, எவனோ ஒரு மெக்கானிக், எவளோ ஒருத்தியின் கார் என்று போய், வெயிலில், ஒரு கேட் முன்னால் போய் நின்றது. அங்கிருந்து அதை நகர்த்தப் பார்த்தாள். நகரவில்லை. பின் சீட்டில் ஒரு கை கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தது. யாருடைய மாட்யூல் என்று அந்தக் கைக்குத் தெரியாது. திருமூர்த்தியுடையதாக இருந்தபோது அவனைச் சபிக்க முடிந்தது, நாலு வருடம் வசதியாகச் சபித்தாள், இனி அதே தண்டவாளத்தில் அவளுடையது நின்றால் யாரைச் சபிப்பாள்? ஆனால் ஓவன் கதவைத் திறந்து சோதனையைக் கலைத்தால் தன் வாயாலேயே எம்.டி.யிடம் பொட்டுக் கதையைச் சொல்ல வேண்டும், பன்னிரண்டு பேரும் மறுபடி சிரிப்பார்கள், இந்தமுறை வடகத்துக்கு அல்ல. கழுத்துக்குக் கீழே தீ மறுபடி பற்றிக்கொண்டது. நாலு மணியாகப் பதினாலு நிமிடம் இருந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்தாள்.

"மேடம், மேடம்!" திருமூர்த்தி நாற்காலி பின்னால் சாய ஓடி வந்தான். "தொறந்தா என்னோடதும் போயிருமுங்க! இன்னும் பதினாலு நிமிஷம்தானுங்க, நூத்து நாப்பத்திரண்டுலதான் நிக்குது, என்னோடது பாஸு!"

"தெரியும்ங்க," என்றாள் கோகிலவாணி. அதைச் சொல்லும்போது இனித்தது. அவள் நல்லவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அந்த இனிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கை இன்னும் ஐந்து நிமிடம் தயங்கியிருக்கும். இழுத்தாள். அனல் முகத்தில் அறைந்தது, கரிந்த சந்தன மணம் அறை முழுவதும் பரவியது.

எம்.டி.க்கு அவளே போன் செய்தாள். "சார், டெஸ்ட் கெட்டுப்போச்சுங்க. என்னோட கம்பியைப் பூஜைப் பொட்டு மேல ஒட்டிட்டனுங்க. ஆமாங்க, சந்தனம்தானுங்க. இல்லீங்க, திருமூர்த்தி மேல ஒண்ணும் தப்பில்லீங்க." கடைசி வாக்கியத்தை, அவன் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். ராத்திரி பதினொன்று ஆனாலும் சரி, முதலிலிருந்து ஓட்டுங்கள் என்று சொல்லி எம்.டி. போனை வைத்துவிட்டார். ஆற வைத்து, டேப்பைப் பிரித்தாள், பொட்டு உதிரவில்லை. தானாக உதிரட்டும் என்று விட்ட பொட்டு உலோகத்தோடு கருகிப் பிடித்திருந்தது. பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் மூன்று முறை துடைத்தாள், உலோகம் பளபளத்தது. விதிப்படி திருமூர்த்தி பக்கத்தில் நின்றான். கம்பி முனையை வெறும் முதுகில் வைத்து அழுத்தியபோது, இந்தமுறை அவன் குனிந்து முனையை மட்டும் பார்த்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போதுதான் சொன்னான்.

"எனக்கும் ஒரு பொட்டு வெச்சிருந்தீங்கன்னா ரெண்டும் ஒரே அளவு பொய்யாப் போயிருக்குமுங்க. ஜெயிச்சிருந்தாலும் ஜெயிச்சிருப்பீங்க."

அவள் இரண்டையும் உள்ளே தள்ளினாள். ஓவன் மூடியது, காயில்கள் ஓடின, கூண்டுக்குள் இரண்டு பொறியும் தாவ ஆரம்பித்தன, திரை சுத்தமாகி, சிவப்பும் நீலமும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பின. அவன் மறுகோடிக்குப் போகவில்லை, நாற்காலியை இழுத்துவந்து அவளுக்கு இரண்டு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டான், நட்புக்காக அல்ல, திரையைப் பார்ப்பதற்காக. பத்து நிமிடம் ஆனது. அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு. இருபது நிமிடம். தொண்ணூற்றொன்று, தொண்ணூறு. சிவப்பு மேலே, இல்லை, நீலம், இல்லை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் போட்ட கோடு போல, பிரியாமல் மேலே போய்க்கொண்டிருந்தன. ஏழு பட்டைக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் வயிற்றுக்கும் இடையில் ஒரு டிகிரி. பதினோரு வருடத்துக்கு ஒரு டிகிரி. நூறு. நூற்று ஆறு. நீலம் நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது, நிற்கும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், நிற்காமல் தாண்டியது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக கோகிலவாணி சிவப்புக் கோட்டைப் பார்க்கவில்லை. தன்னுடையதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் வலது கை நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.